ஆறு வருடம் நின்ற வண்டியும் விசாரணை மெக்கானிக்கும்

எங்கள் கள்ளக்குறிச்சியில் பஞ்சாயத்தில் பொய் சொல்லி ஜெயித்தவர்கள் உண்டு. கோயிலில் கற்பூரம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு நன்றாகத் தின்று கொழுத்துத் திரிபவர்களும் உண்டு. ஆனால் கச்சிராயபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் விசாரணையிடம் பொய் சொல்லித் தப்பித்தவர் இன்னும் பிறக்கவில்லை.

விசாரணை என்பது அவர் பெயரில்லை. பெயரைக் கேட்க யாருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. அந்தப் பட்டறையில் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரை எடுப்பார்கள். இவர் கவிழ்த்துப் போட்ட ஆயில் டப்பாவைக் காட்டி நம்மை உட்காரச் சொல்வார்.

“எப்போ நின்னுச்சு? யாரு ஓட்டிக்கினு இருந்தது? ஏன் நிறுத்துனீங்க? நிறுத்திட்டு மேல இன்னா போட்டீங்க?”

எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் வண்டியைத் தொடுவார். நாம் சொல்வதும் வண்டிக்குள் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தண்டனை உண்டு.

தண்டனை, பெட்ரோல் டேங்க்கைக் குலுக்குவது. நாள்பட்டு நின்ற வண்டியின் டேங்க்குக்குள் துரு பிடித்திருக்கும். ஒரு கைப்பிடி நட்டையும் போல்ட்டையும் உள்ளே போட்டு, டீசல் ஊற்றி மூடி, கை கழன்றுபோகும் அளவுக்குக் குலுக்கினால் துரு உதிரும். அதை விசாரணை செய்ய மாட்டார், பொய் சொன்னவர் செய்ய வேண்டும். அந்த ரோட்டில் யாராவது டேங்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டினால், எதிர் டீக்கடையில் “இன்னா பொய்யாம்?” என்றுதான் கேட்பார்கள்.

வடக்கனந்தலிலிருந்து ஒரு பெரிய விவசாயி, மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்தார். “வூட்டுக்குள்ளவே நிறுத்தி வெச்சிருந்த வண்டிப்பா, வெயிலு கூடப் படல” என்றார். விசாரணை ஏர் ஃபில்டரைத் திறந்தார். எலி கூடு கட்டியிருந்தது. கூடு முழுக்கக் கரும்புச் சோகை, வயலில் உதிரும் காய்ந்த தோகை.

“வூட்டுக்குள்ளவே கரும்பு போடறீங்களா?” என்று கேட்டார். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டேங்க்கை வாங்கிக்கொண்டார்.

இந்த ஆளிடம்தான் நானும் போய் மாட்டினேன்.

என் மனைவி மல்லிகா டீச்சருக்குப் படித்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தவள். ஒருவழியாக வேலை வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடம். திங்கட்கிழமை காலை மணியடிக்கும் முன்னால் போய்ச் சேர வேண்டும். முதல் பஸ்ஸை நம்பினால், அது போய்ச் சேரும்போது பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடித்துத் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும். மிச்சமிருந்த ஒரே வழி எங்கள் மோட்டார் சைக்கிள். அது ஆறு வருடமாக மாட்டுக்கொட்டகை மூலையில் மக்காச்சோள மூட்டை சுமந்துகொண்டிருந்தது.

அது ஏன் நின்றது என்பதில்தான் வில்லங்கம். கல்யாணமான புதிதில் அதே மலைக்கு இருவரும் போனோம். ஒரு வளைவில் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. மல்லிகாவுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். மாமனாரிடமும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். மல்லிகா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வண்டியில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

இப்போது ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். “பிரேக்கை மாத்துங்க. சனிக்கிழமை நானே வந்து மெக்கானிக்கைக் கேப்பேன். மாத்திட்டேன்னு அவரு வாயால சொன்னாத்தான் ஏறுவேன். இல்லன்னா இந்த வேலையே வாணாம்னு எழுதிக் குடுத்துர்றேன்.”

சொன்னால் செய்கிறவள்.

வெள்ளிக்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். “ஏன் நிறுத்துனீங்க?” “பிரேக் புடிக்கலண்ணே.” விசாரணை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். டேங்க்கிலிருந்து பழைய பெட்ரோலை இறக்கினார். பசை மாதிரி வந்தது, நாற்றம் டீக்கடை வரை போனது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் நாலு சொட்டு ஆயில் விட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அமுக்கி எடுத்தார். கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றினார். வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

“தம்பி, இந்தப் பிரேக்கு மேல உங்களுக்கு இன்னா கோவம்?”

“மாத்திடுங்கண்ணே.”

“எதுக்கு மாத்தணும்? பிரேக் கட்டை தேயல. டிரம்முல ஒரு கீறல் கெடையாது. நல்லா இருக்கறத கழட்டிப்போட்டா அது மேல பழி போட்ட மாதிரி. அந்த வேலை நம்ம பட்டறையில இல்ல.”

சொல்லிவிட்டு டேங்க்கை என் மடியில் வைத்தார்.

குலுக்கிக்கொண்டே உண்மையைச் சொன்னேன். வளைவுக்கு முன்னால் புதுப்பெண்டாட்டியை அசத்தலாம் என்று நினைத்து, இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓட்டிக் காட்டினேன். மலையும் அந்த நேரம் பார்த்துத் திரும்பிவிட்டது. விசாரணை சிரிக்கவில்லை. “மலை திரும்பல தம்பி” என்று மட்டும் திருத்தினார். புதுக் கட்டை போட்டுவிட்டேன் என்று மல்லிகாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். காதில் விழாத மாதிரி பிளக்கைத் தேய்த்தார்.

சனிக்கிழமை மல்லிகா வந்தபோதும் நான் குலுக்கிக்கொண்டுதான் இருந்தேன். துரு அவ்வளவு.

“பிரேக் மாத்தியாச்சுங்களா?” என்று அவரிடம் கேட்டாள்.

“நான் கேள்வி கேக்கற ஆளும்மா, பதில் சொல்ற ஆளு இல்ல. அவரைக் கேளுங்க.”

டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது. படுபாவிகள், அத்தனை பேரும் திரும்பி உட்கார்ந்தார்கள்.

“பிரேக்குல ஒண்ணுமில்ல மல்லிகா. நான்தான் ரெண்டு கையும் வுட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“பின்னாடி ஒக்காந்துக்கினு இருந்தது நான்தானேங்க? ரெண்டு கையும் ஆகாசத்துல இருந்தது எனக்குத் தெரியாமயா போவும்? நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு ஆறு வருசமா பாத்துக்கினு இருக்கேன். கை ஒடைஞ்சது கூடப் பெருசா வலிக்கல. டாக்டருகிட்ட பிரேக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதான் வலிச்சது.”

அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை. விசாரணை வந்து டேங்க்கை என் மடியிலிருந்து எடுத்து வண்டியில் மாட்டினார். புதுப் பெட்ரோல் ஊற்றி உதைத்தார். ஏழெட்டு உதைக்கு ஒன்றுமில்லை. அடுத்த உதையில் சைலென்சருக்குள் இருந்த குளவிக்கூடு மொத்தமும் டீக்கடையை நோக்கிப் பறந்தது. கூட்டம் சிதறியது. வண்டி ஓடத் தொடங்கியது.

“பழைய பிரேக்கே இருக்கட்டும்” என்றாள் மல்லிகா.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கோமுகி அணை தாண்டியபோதுதான் கவனித்தேன், பின்னால் ஒரு மொபெட் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. நின்றேன். இருபதடி தள்ளி அதுவும் நின்றது. விசாரணை.

“இன்னாண்ணே இந்தப் பக்கம்?”

“ஆறு வருசம் படுத்துக் கெடந்த வண்டி. மேட்ல மூச்சு வாங்குதான்னு பாக்கறேன். நீங்க போய்க்கினே இருங்க.”

மலை முழுக்க அப்படியே வந்தார். நாங்கள் விழுந்த அந்த வளைவில் மல்லிகா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். நான் ஹேண்டில்பாரை நசுக்கிவிடுவேன் போலப் பிடித்திருந்தேன். மணியடிக்கும் முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மல்லிகா கையெழுத்துப் போட உள்ளே போனாள். விசாரணை இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, “சூடு ஜாஸ்தி இல்ல” என்றார்.

அவர் மொபெட்டில் ஒரு பை தொங்கியது. ஸ்பேனர், பிளக், கேபிள், ஒரு டியூப். அவற்றுக்கு மேல், மருந்துக்கடைக் கவர் பிரிக்காமல், ஒரு பெரிய பேண்டேஜ் சுருள்.

“இது எந்தப் பார்ட்டுக்குண்ணே?”

“உங்க மேல நம்பிக்கை இருக்குது தம்பி. இருந்தாலும் டீச்சரம்மா கை ஒரு தடவ ஒடைஞ்ச கை பாருங்க.”

சாயங்காலம் பள்ளி விடும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்து, எங்களுக்குப் பின்னாலேயே மலையிறங்கினார். பட்டறை அன்றைக்குத் திறக்கவேயில்லை. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றிலிருந்து அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.