ஐஸ் கம்பெனியில் அடித்த வாடை

கதை எழுதிப் பழக்கமில்லாத அடியேன், பெரியோர் வாசிக்கும் இடத்தில் இதை வைக்கத் துணிந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஓர் ஐஸ் கம்பெனியில் நேர்ந்த சிறு குழப்பம்தான் இது.

கம்ப்ரசர் ஆபரேட்டர் பூபதிக்கு மூக்கில் சுருக்கென்று ஏறியது. அம்மோனியா! ஐஸை உறையவைக்கக் குழாய்க்குள் ஓட வேண்டிய வாயு வெளியே வந்தால் விபரீதம். அவரோ திருப்பாலைவனத்து நெல் விவசாயக் குடும்பத்தவர், வேலைக்குப் புதியவர். "இன்னொரு வாட்டி காரணமில்லாம மிஷினை நிறுத்துன, வேற ஆளை வெச்சுக்குவேன்" என்று முதலாளி சிவசங்கர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

ஆகவே நிறுத்தாமலேயே சரிசெய்ய எண்ணி, ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்ப்ரசரருகே குனிந்தார். வாடை. நட்டை முறுக்கினார். வாயுவை ஆறவைக்கும் கண்டன்சர் பக்கம் போனார். அங்கும் வாடை. மாடித் தொட்டிக்கு ஏறினார். கூடவே வாடையும் ஏறியது.

ஐஸுக்காக வாசலில் இறால் கூடையோடு காத்திருந்த காந்தா குரல் கொடுத்தாள்.

"இன்னாண்ணே, மேலயும் கீழயும் ஓடிக்கினு கீற? எறா கெட்டுப்பூடும், ஐஸைக் குடு!"

"கேஸ் லீக்கும்மா! தள்ளிப் போ!"

"நேத்தும் இப்டித்தான் கடைசியா குடுத்த. இன்னிக்கு லீக்கா?"

பதற்றத்தில் வால்வை அளவுக்குமேல் திருக, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. வேறு வழியின்றி மிஷினை நிறுத்தினார். காற்றோட்டத்துக்காக ஐஸ் அறை உட்பட எல்லாக் கதவுகளையும் திறந்தார். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்று பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வர, மோட்டாரைப் போட்டு ஹோஸால் எங்கும் பீய்ச்சினார். அடுக்கியிருந்த ஐஸ் கட்டிகளும் தாராளமாக நனைந்தன.

சிவசங்கர் ஓடி வந்தார்.

"யோவ், லீக் எங்கய்யா?"

"நான் போற எடமெல்லாம் இருக்குது சார்."

முதலாளி அருகில் வந்து முகர்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஆமாய்யா! பலமாத்தான் அடிக்குது!"

பூபதிக்கு உயிர் வந்தது. வேலை தப்பியது என்று நினைத்தார்.

அதற்குள் காந்தாவும் உள்ளே வந்திருந்தாள். பூபதியின் தோளில் தொங்கிய ஸ்பேனர் பையை ஒருமுறை முகர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஐஸை மொதல்ல எனக்குக் குடுப்பன்னு நேத்து இதுல ஒரு துண்டு திருக்கை மீனை சொருவி வெச்சேனே, மிஷின் சத்தத்துல நான் சொன்னது கேக்கலியா? திருக்கை நாள்பட்டா இதே வாடைதான்!"

அன்று இழந்தவை: அறையிலிருந்த ஐஸ் பெரும்பகுதி, ஒரு வால்வுக் கைப்பிடி, காந்தாவின் ஒரு கூடை இறால், பூபதியின் வேலை, அந்தத் திருக்கைத் துண்டு.