சம்பந்தியின் பத்து நிமிடம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், கணினி சௌக்கியமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், என் மகள் நடுவில் புகுந்து "அப்பா, அவரை விடுங்கப்பா" என்பாள், விஷயம் அத்தோடு போய்விடும். கடிதத்துக்கு நடுவில் யாரும் புக முடியாது.

போன முறை வந்திருந்தபோது, நான் கேட்காமலேயே, என் கணினியில் புதிய கெர்னலை ஏற்றிவிட்டுப் போனீர்கள். கணினியின் அடியில் உட்கார்ந்துகொண்டு எந்த வேலை எப்போது நடக்கலாம் என்று உத்தரவு போடுகிறதே, அந்தக் கெர்னலை. "பழசு ரொம்பப் பழசு மாமா, பாதுகாப்பே இல்ல" என்றீர்கள். மாப்பிள்ளை பேச்சை மறுத்து எனக்குப் பழக்கமில்லை, தலையாட்டிவைத்தேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

தினமும் சாயங்காலம் உங்கள் அப்பா வந்து என்னோடு செஸ் ஆடுவது உங்களுக்குத் தெரியும். ஆளுக்குப் பத்து நிமிடம். அந்த நேரத்தைக் காட்டும் கடிகாரம் கடையில் வாங்கியதல்ல. யாரிடமும் போய் நிற்காமல் நானே படித்து நானே எழுதிய புரோகிராம். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில், கதவு மூடுகிற நேரத்தைக் காதால் கேட்டே சரிசெய்தவன் நான். நீங்கள் ஊருக்குப் போன மறுநாளிலிருந்து சம்பந்தி வரிசையாகத் தோற்றார். ஆட்டத்தில் அல்ல, நேரத்தில். அவர் குதிரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் குதிரையைப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். நான் மடமடவென்று ஆடுகிறவன், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். கடைசியில் ஒரு நாள் அவர் எழுந்துவிட்டார்.

"சம்பந்தி, உங்க கடிகாரமும் உங்கள மாதிரியே அவசரப்படுது."

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது. நீங்கதான் ஒரு சிப்பாய நகர்த்த நல்ல நேரம் பாக்கறீங்க."

"பொண்ணு எடுத்த வீடாச்சேன்னு பேசாம போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், அதற்குப் பிறகு வரவில்லை. தெருவில் எதிரே வந்தால், மருந்துக்கடைப் பலகையை முதன்முறையாகப் பார்ப்பவர் போல நின்று படிக்கிறார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் அத்தைதான் முட்டை வேகவைக்க என் கடிகாரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஓடவிட்டு, மணி அடித்ததும் முட்டையை உடைத்துப் பார்த்து, "உள்ள கொழகொழன்னு இருக்கு, உங்க பத்து நிமிஷத்த நீங்களே சாப்பிடுங்க" என்று தட்டை என் முன்னால் வைத்தாள். கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். திரை மூலையில் தெரிகிற நேரம் சரி. என் செஸ் கடிகாரம் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது, பத்து நிமிடம் ஐந்திலேயே தீர்கிறது. கணினியை அணைத்துவிட்டு, இன்னும் உள்ளேயே இருக்கிற பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் போட்டேன்: ஒழுங்காக ஓடியது. புதியதைப் போட்டேன்: மறுபடியும் ஓட்டப்பந்தயம். குற்றவாளி கெர்னல்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நீங்கள் பட்டம் வாங்கியவர், ஆதாரம் கேட்பீர்கள் என்று என் புரோகிராமையும் வரி வரியாகப் படித்தேன். பத்து மில்லி வினாடி தூங்கு, எழு, கணக்கில் சேர், மறுபடியும் தூங்கு. அதன் வேலை அவ்வளவுதான். பழைய கெர்னல் சோம்பேறி, பத்து என்று சொன்னால் இருபது தூங்கிவிட்டுத்தான் எழுப்பும். அதனால் ஒவ்வொரு தூக்கத்தையும் இரண்டாக எண்ணும்படி அன்றைக்கே ஒரு வரி எழுதி வைத்தேன். புதிய கெர்னல் சொன்ன நேரத்துக்கு டாணென்று எழுப்பிவிடுகிறது, என் வரியோ அதையும் இரண்டாகவே எண்ணுகிறது.

"அப்ப தப்பு உங்க பேர்லதானே" என்றாள் உங்கள் அத்தை.

எப்படி ஆகும்? தினமும் தாமதமாக வருகிற பெயின்டரிடம் ஒன்பது மணி வேலைக்கு எட்டு மணி என்று சொல்லி வைக்கிறோம். ஒரு நாள் அவர் திருந்தி எட்டு மணிக்கே வந்து கதவைத் தட்டினால், துண்டோடு நிற்பது யார்? திருந்துகிறவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

ஆகையால் அந்த வரியை நான் மாற்றப்போவதில்லை. தாங்கள் நேரில் வந்து பழைய கெர்னலையே நிரந்தரமாக்கிவிட்டு, அப்படியே உங்கள் அப்பாவிடமும் போய், இது மாமனார் செய்த வேலையல்ல, நான் செய்த வேலை என்று சொல்ல வேண்டும். சாயங்காலமானால் காய்களை அடுக்கி இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். இரண்டு பக்கமும் நானே ஜெயிக்கிறேன். அதில் ருசியில்லை, மாப்பிள்ளை. ஏமாற்றினேன் என்று முகத்துக்கு நேரே திட்டவாவது எதிரில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

நீங்களும் என் மகளும் சகல சௌபாக்கியங்களோடு, நன்றாக ஓடுகிற எதையும் அப்டேட் செய்யாமல், நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மரியாதை சற்றும் குறையாத மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் சம்பந்தியே வந்து நிற்கிறார். இத்தனை நாளும் வீட்டில் போனில் ஐந்து நிமிட அலாரம் வைத்துக்கொண்டு தனியாகப் பழகினாராம். "ஓடவிடுங்க உங்க அவசரக் கடிகாரத்த" என்றார். ஓடவிட்டேன். அவர் என்னைவிட வேகமாகக் காய் நகர்த்தியதில், முதல் ஆட்டத்தில் எனக்கு நேரம் தீர்ந்தது. இரண்டாவதிலும் எனக்குத்தான் தீர்ந்தது. அவர் கை கழுவப் போன சமயம் பார்த்து அந்த ஒரு வரியைத் திருத்தப்போனேன். உங்கள் அத்தை பார்த்துவிட்டாள். ஆகவே நீங்கள் இப்போதைக்கு வர வேண்டாம், கெர்னலையும் தொட வேண்டாம். இப்போது மாற்றினால் தோல்விக்குப் பயந்து மாற்றினேன் என்று தெருவெல்லாம் சொல்லுவார். நான் ஒரு ஆட்டம் ஜெயித்ததும் எழுதுகிறேன். அவசரமில்லை, மெதுவாகவே எழுதுகிறேன்.