கம்பளிக் கால்சட்டையும் சம்பந்தி வீடும்

"மூச்சை உள்ள இழுங்க," என்றாள் மனைவி ஹெல்வி.

தவுனோ இழுத்தார். உள்ளே போட்டிருந்த கம்பளிக் கால்சட்டைக்கு மேல் தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டின் பேண்ட் தொடையிலேயே நின்றுவிட்டது.

"இதுக்கு மேல இழுத்தா உசுரு போயிடும்டி."

காலையில் ஹெல்சின்கிக்கு ரயில். மகள் மிர்யாவைக் கட்டப்போகிற யோனாஸின் அப்பா அம்மாவை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறார்கள். வடக்கே ரோவனியெமியைத் தாண்டிக் காட்டுக்குள் இவர்கள் வீடு. பட்டணத்துச் சம்பந்தி தன்னைக் காட்டான் என்று நினைத்துவிட்டால்? அந்தப் பயத்தில் மூன்று வாரமாக மனுஷனுக்குத் தூக்கமே இல்லை.

"கம்பளியைக் கழட்டுங்களேன்."

"பிப்ரவரியிலயா? அந்தக் கடல் காத்து எலும்புக்குள்ள இறங்கிடும்."

அண்ணன் எய்னோவின் கோட்டையும் பேண்டையும் இரவல் வாங்கினார்கள். எய்னோ இவரைப் போல இரண்டு ஆள். தொளதொளத்ததை நிரப்ப இரண்டு ஸ்வெட்டர் மாட்டிவிட்டாள் ஹெல்வி. பேண்ட் நிற்கவில்லை. ஸ்வெட்டருக்கு மேலே கயிறு கட்டினாள்.

"அவங்க வீட்டு வாசல்ல பூட்ஸைக் கழட்டினதும் எல்லார் கண்ணும் சாக்ஸ் மேலதான்," என்று புதிதாகப் பின்னி வைத்திருந்த தடி சாக்ஸைக் கொடுத்தாள். அது பூட்ஸுக்குள் போகவில்லை. எய்னோவின் பூட்ஸும் வந்தது. அதில் கால் நீந்தியது. இன்னொரு சாக்ஸ் போட்டார்.

ரயிலில் ஹீட்டர் தகித்தது. ஆறாக வேர்த்தது.

"ஒண்ணையாவது கழட்டுங்க."

"எதைக் கழட்டினாலும் பேண்ட் இறங்கிடும். பேசாம வா."

சம்பந்தி வீட்டு வாசலில் பீட்ரூட் மாதிரி நின்றார் தவுனோ. கதவு திறந்தது. இடுப்பில் ஒற்றைத் துண்டோடு சம்பந்தி லாஸ்ஸி.

"வாங்க சம்பந்தி. கீழ சவுனா சூடா இருக்கு. ஆம்பளைங்க முதல்ல. எல்லாத்தையும் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்துடுங்க."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? கோட்டோடவா ஆவி பிடிப்பீங்க?"

சுவரிலிருந்த ஆறு ஆணியும் நிறைய, மிச்சத்தைத் தரையில் குவித்தார் தவுனோ. எத்தனை பாடுபட்டோம் என்று நினைக்க அழுகையே வந்தது. உள்ளே ஆவிக் குளியல் அறையின் பலகை மேல் அவர், லாஸ்ஸி, யோனாஸ் மூவரும் பிறந்த மேனியாக வரிசையாய் உட்கார்ந்தார்கள். சுடுகல்லில் ஊற்றத் தண்ணீர் மொள்ள லாஸ்ஸி இறங்கியதும் யோனாஸ் காதருகே வந்தான்.

"மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. உங்க முன்னாடி எதைப் போட்டுக்கிட்டு நிக்கிறதுன்னு மூணு வாரமா மனுஷன் தூங்கல. கடைசியில அம்மாதான், பேசாம சவுனாவைச் சூடாக்குங்கன்னுட்டாங்க."