சுவருக்குள் இருந்த ஓவன்

"பழைய அவனைத் தூக்கணும். சுவத்தை இடிச்சாலும் பரவாயில்ல. ஆனா அக்கம்பக்கத்துல யாருக்கும் தொந்தரவு இருக்கக்கூடாது" என்றார் கணக்கு வாத்தியார், போனில்.

மறுமுனையில் தச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், நாங்க அந்த மாதிரி வேலையெல்லாம் செய்யறதில்ல" என்றார்.

"ஐயோ, கேக் சுடற அவன்ப்பா!"

"ஓவனா? அதை முதல்ல சொல்றதுக்கென்ன? போனை வெக்கப் பார்த்தேன்."

வாத்தியார் இந்த வீட்டை வாங்கியபோதே அந்த ஓவன் சமையலறைச் சுவரில், மரச்சட்டத்துக்குள் பதிந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, அதற்குள் ஒரு கேக்கை வைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு நிம்மதி. போன ஞாயிற்றுக்கிழமை அது திடீரென்று மூச்சை நிறுத்திவிட்டது. விளக்கும் இல்லை, சூடும் இல்லை. பழுதுபார்க்கும் கடைக்குப் போன் செய்தால், "அந்த மாடலா? அந்தக் கம்பெனியே போய்ச் சேர்ந்தாச்சு சார். வேற வாங்கிக்குங்க" என்று வந்து பார்க்காமலே கையை விரித்துவிட்டார்கள்.

வேறு சமயமாயிருந்தால் பொறுத்திருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார். 'வழியனுப்பு விழாவுக்குக் கேக் என் கையாலதான்' என்று வாத்தியார் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். அதைக் கேட்டு ஆசிரியர்கள் அத்தனை பேரும் நெகிழ்ந்துபோய் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்களே, அந்தக் காட்சி அவர் கண்ணிலேயே நின்றது.

"கடையில வாங்கிக் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி. "அதைத் தூக்கிட்டு அந்த ஓட்டையில நாலு பலகை அடிச்சா எனக்கு டப்பா வைக்க இடமாகும்."

"கடை கேக்கும் என் கேக்கும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு யாரு சொன்னா?"

மாமியார்தான் பரிந்து வந்தார். "மாப்பிள்ளை ஆசைப்படறார், விடேன்டி. அவர் கேக்கை ஒரு துண்டு சாப்பிட்டாப் போதும், மறுநாள் வரைக்கும் பசியே எடுக்காது."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. உடனே ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய ஓவனின் முகத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். அதே அளவில் புதிய ஓவன் ஒன்று வந்து இறங்கியது. தச்சர் வந்து பழையதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் புதியதைத் தூக்கி வைத்தார். அது உள்ளே போகவில்லை. வாத்தியார் அளந்தது ஓட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பையும் சேர்த்து; சுவரில் இருந்த ஓட்டை அதைவிட இரண்டு விரற்கடை குறைவு.

"சார், நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?"

"ஏன், கணக்கு."

தச்சர் தன் டேப்பை எடுத்து ஓட்டையைத் தானே அளந்தார்.

கடைக்காரரோ பெட்டியைப் பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். "கவலைப்படாதீங்க சார், சட்டத்தைக் கொஞ்சம் இழைச்சுட்டாப் போதும்" என்று தச்சர் இழைத்தார். இழைத்த பிறகுதான், மேலே இருந்த அலமாரியை இத்தனை நாள் தாங்கிக்கொண்டிருந்தது அந்தச் சட்டம்தான் என்பது இருவருக்கும் தெரிந்தது. அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தட்டுகள் வரிசையாக வழுக்கி வந்தன. வாத்தியார் இரண்டைப் பிடித்தார். மற்றவற்றைத் தரை பிடித்தது.

அலமாரியைக் கழற்றியதும் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை டைல்ஸும் வந்தது. எப்படியோ ஓவன் உள்ளே போய்விட்டது. ஆனால் அதன் பிளக் பெரியது, சுவரில் இருந்த பாயிண்ட் சின்னது. எலக்ட்ரீஷியன் வந்தார். புதுப் பாயிண்ட் வைக்கச் சுவரைத் துளைத்தார். சுவர் அவர் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது.

"இங்க குழாய் போகுதுன்னு யாருமே சொல்லலையே!" என்று அலறினார்.

பிளம்பர் வந்தார். வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்தினார். "இதை எந்தப் புண்ணியவான் துளைச்சான்?" என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் தச்சரைக் காட்டினார். தச்சர் வாத்தியாரைக் காட்டினார். காட்ட ஆளில்லாமல் வாத்தியார் ஓவனைப் பார்த்தார்.

வியாழக்கிழமைக்குள் சமையலறை முழுக்கக் கூடத்துக்குக் குடிவந்துவிட்டது. அடுப்பு எழுதும் மேசைமேல். முட்டைத் தட்டு சோபாவில். குளிர்சாதனப் பெட்டி படுக்கையறையில், வாத்தியாரின் தலைமாட்டில். கூடத்தில் தாளித்த மிளகாய்க்கு வீடே தும்மியது. பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் சுமந்து வந்த தண்ணீரைக் கொண்டு, குளியலறையில் குந்தி உட்கார்ந்து காய்கறி கழுவினாள் மனைவி. ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாத்தியாருக்குத் தேவலையாயிருக்கும்.

சாயங்காலம் அவள் சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம். என் அடுப்படியைத் திருப்பிக் குடுங்க, போதும்" என்றாள்.

குரல் உடைந்திருந்தது. வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதையாகிவிட்டதே என்று தோன்றியது.

"தப்புதான். இன்னைக்கு முடியலைன்னா விட்டுடறேன். கேக்கைக் கடையிலேயே வாங்கிடலாம். அந்த ஓட்டையில நீ சொன்ன மாதிரி பலகையே அடிச்சுக்கலாம்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் கல்யாண போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். கேட்காமலே தேநீர் வந்தது. இரண்டாவது கோப்பையும் வந்தது. மாமியார் கிட்டே வந்து, "மாப்பிள்ளைக்குத் தங்க மனசு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து எலக்ட்ரீஷியன் கத்தினார்.

"சார்! எரியுது சார்!"

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள்.

"ஓடாதீங்க! ஓவன்ல விளக்கு எரியுதுன்னு சொன்னேன்!"

திரும்பி வந்து பார்த்தார்கள். உண்மைதான். டைல்ஸ் உதிர்ந்த சுவரில், பெயர்ந்த சட்டத்துக்கு நடுவே, புது மாப்பிள்ளை மாதிரி ஓவன் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு. கண்ணாடியில் கை வைத்தால் இதமான சூடு. வாத்தியார் அதன் கதவை மெதுவாகத் தடவிக்கொடுத்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. இத்தனை கஷ்டத்துக்கும் பலன் கிடைத்த சந்தோஷம், பாவம்.

பிளம்பர் குழாயை அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். மூன்று பேரும் ஆளுக்கொரு கும்பிடு போட்டுக் கிளம்பினார்கள். "இருங்க, கேக் சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று வாத்தியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தச்சர் நின்றார். மனைவி அவரைப் பார்த்து வேண்டாமென்று லேசாகத் தலையை ஆட்டினாள். அவரும் நடையைக் கட்டினார்.

வாத்தியார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாவைச் சலித்தார். வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்தார். அவரையறியாமல் வாய் ஒரு பாட்டை முணுமுணுத்தது. முட்டை எடுக்கக் கூடத்துக்கு வந்து சோபாவின் பக்கம் குனிந்தபோது, சமையலறையிலிருந்து மாமியாரின் கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்டது.

"ஏண்டி, பழைய ஓவன்ல நான் உருவிவிட்டது சிவப்பு ஒயரு. இதுல எதை உருவணும்?"