ஓவர்டிரைவைக் கெடுத்த சித்தப்பாவுக்கு

ஒரு மாதத்துக்கு முன்பு வரை என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரியவராக இருந்த சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வாலு எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமில்லை. அங்கே நீங்கள் நலமாக இருந்தால் அது பெரிய அநியாயம்.

இரண்டே நாள் என்று சொல்லி அப்பாவின் பழைய காரை வாங்கிக்கொண்டு போனீர்களே, திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஊருக்கும் போனீர்களே, மறுநாள் காலை அப்பா டாப் கியரில் போட்டு ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டினால் ஒரு முனகல்கூட இல்லை. அந்தச் சுவிட்சைத் தட்டியதும் எஞ்சின் இரைச்சல் அடங்கி வண்டி காற்றில் மிதப்பதுபோலப் போகும், அந்த ஒரு நொடிக்காகத்தான் அப்பா இந்தக் காரையே வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாதா? போனில் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "ஒரு மேட்டுல ரிவர்ஸ் எடுத்தேண்ணா, அப்ப சுவிட்சு போட்டிருந்துச்சா இல்லையான்னு ஞாபகம் இல்லியே!" ஞாபகம் இல்லையாம்! ஓவர்டிரைவ் போட்டபடியே பின்னால் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும் என்று காரோடு வந்த புத்தகத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். ஓவர்டிரைவ் என்றால் ஓவராக டிரைவ் செய்வது என்று நினைத்துவிட்டீர்களா? நீங்கள் சித்தப்பா இல்லை, சித்திரவதையப்பா.

அன்றைக்கே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "என்னங்க, ஒரு மாசம் டைம். ஓடலேன்னா வித்துடணும். உங்க தம்பி ஒருத்தர், இந்த வண்டி ஒண்ணு, ரெண்டையும் என்னால மேய்க்க முடியாது." உங்களை வாங்க ஆள் கிடைக்காததால் காருக்கு மட்டும் ஒரு புரோக்கரைப் பிடித்து, நாளை ஞாயிறு பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பதினெட்டு முடிந்ததும் சாவி என் கையில் என்று அப்பா வாக்குக் கொடுத்த கார், சித்தப்பா! இன்னும் பதினான்கே மாதம்தான் பாக்கி.

கியர்பாக்ஸும் அதன் முதுகில் ஒட்டிய ஓவர்டிரைவும் காருக்குள்ளிருந்துதான் வெளியே வரும் என்பதால் முன்சீட்டு இரண்டையும் கழற்றி ஹாலில் போட்டோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதைப் புது சோபா என்று நினைத்து உட்கார்ந்து, கைக்கு ஏதோ தட்டுப்படுகிறதே என்று நெம்புகோலை இழுக்க, ஒரே வழுக்கில் பின்னால் போய் டிவி ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு, "சொல்லிட்டு ஓட்டக்கூடாதா?" என்று என்னைத் திட்டினார். சாப்பாட்டு மேசை பட்டறையானது. நாங்கள் மூன்று வாரமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், மேசையில் கியர்கள் ராஜாபோல உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே நெட்டையாகவும் குட்டையாகவும் எட்டு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டு இருக்கும், நட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அப்பா ஒரே பக்கமாகக் கழற்றினார். ஒரு ஸ்பிரிங் பறந்து பால் பாத்திரத்தில் விழுந்தது. அம்மா பாத்திரத்தை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம் அந்த எஃகு குண்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அது இல்லாவிட்டால் எண்ணெய் அழுத்தமே ஏறாது. அதைக் காணோம். கயிற்றில் காந்தத்தைக் கட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு போவதுபோல வீடு முழுக்க மூன்று நாள் இழுத்தேன். அம்மாவின் ஹேர்பின் பதினொன்று கிடைத்தது, குண்டு கிடைக்கவில்லை. கடைசியில் அது அப்பாவின் சட்டைப் பையில், காந்த ஸ்க்ரூடிரைவரின் நுனியிலேயே சமத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பிரித்துப் பார்த்ததில் எதுவுமே நொறுங்கவில்லை. "எல்லாம் புதுசு மாதிரி இருக்கேம்மா" என்று அப்பா தலையைச் சொறிகிறார். தடயமே இல்லாமல் கெடுத்திருக்கிறீர்கள்! இதற்கென்று தனியாகப் படித்தீர்களா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவழி கிளட்சையும் சீல்களையும் புதிதாகவே போட்டோம்.

திரும்பப் பூட்டும்போது உள்ளே இரண்டு வரிசைப் பல்லும் ஒரே நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் நடுவே அரை இஞ்ச் இடைவெளி மூடாது. மூடவில்லை. உங்களைக் கேட்டால் "சுத்தியால நல்லா ஒரு தட்டு தட்டுங்கண்ணா" என்கிறீர்கள். யாரைத் தட்ட வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் கியர்பாக்ஸ் ஷாஃப்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, அப்பா அழுத்திப் பிடிக்க, இரண்டு மணி நேரம் கழித்து இன்று மாலை 'டக்' என்று உட்கார்ந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், எண்ணெய் பட்டுவிட்டதாம்.

நாளைக் காலை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். கார் கைவிட்டுப் போனால் இந்த ஜென்மத்தில் உங்களோடு பேச்சு கிடையாது. சித்திக்கு என் அன்பு. தம்பிப் பாப்பாவுக்கு முத்தம். உங்களுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும்
வாலு

பி.கு.: ஞாயிறு மதியம். ஓட்டிப் பார்த்தோம். சுவிட்சைத் தட்டினால், மறுபடியும் ஒன்றுமில்லை. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. வாசலில் புரோக்கர், கூடவே ஓர் எலக்ட்ரீஷியன். அவர் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, "சார், சுவிட்சுக்கு ஒயரே இல்லியே. ஒரு அடி நீளத்துக்குக் காணோம்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் காரைத் திருப்பிக் கொடுத்த அன்று சாப்பிட உட்கார்ந்ததும் நாற்காலிக்கு அடியில் 'பாங்க்' என்று அலறி, நீங்கள் துள்ளி எழுந்து தண்ணீரை மடியில் கொட்டிக்கொண்டீர்களே, நான் ஒளித்துவைத்த அந்த பஸ்ஸருக்கு ஒரு அடி ஒயர் தேவைப்பட்டது, டாஷ்போர்டுக்கு அடியில் சும்மா தொங்கிய ஒன்றை வெட்டிக்கொண்டேன். "கியர்பாக்ஸ் கவரைக் கழட்டும்போது அறுந்திருக்கும்" என்று அப்பாவே சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். புது ஒயர் போட இரண்டு நிமிடம். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று போனோம். இரைச்சல் அடங்கியது. "உங்க தம்பி கெடுத்ததை உங்க கையாலயே சரி பண்ணிட்டீங்களே!" என்று அம்மா அப்பாவின் தோளைத் தட்டி, புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆகையால் சித்தப்பா, மேலே உள்ள வசவெல்லாம் எனக்குச் சேர வேண்டியவை, மானசீகமாக அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆனால் அடுத்த முறை வரும்போது அம்மா கேட்டால், "ஆமாங்கண்ணி, நான்தான்" என்று தலையைக் குனிந்துகொள்ளுங்கள். என் பக்கம் மட்டும் பார்த்துவிடாதீர்கள். நீங்கள் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், கார் போய்விடும்.