சவரிராஜ் வாசிக்காத கிட்டார்

கலையை வளர்ப்பதற்கென்று அரியலூரில் ஓர் அலுவலகம் இருந்தது. மாட்டை வளர்க்கவும் கோழியை வளர்க்கவும் ஆபீஸ் இருக்கும்போது கலை மட்டும் என்ன பாவம் செய்தது என்று மேலிடம் மனமிரங்கியதன் விளைவு அது. அதில் சவரிராஜ் தற்காலிகக் கிட்டார் கலைஞன். வேலை நிரந்தரமானால்தான் விண்ணரசியைக் கொடுப்போம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில், பட்டப்பகலில், அலுவலகத்தின் ஆண்டு விழா நடந்தது. சென்னையிலிருந்து மேலதிகாரி வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. எலெக்ட்ரிக் கிட்டார் ஊமையானது. பந்தலில் விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை. அதனால் மேடையிலிருந்த பெரியவர்களுக்குக் கரண்ட் போன விஷயம் தெரியவில்லை. சவரிராஜ் பயந்துபோய்த் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு அப்படியே நின்றான். கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் பிடித்து வாசித்து முடித்தான்.

மேலதிகாரி எழுந்து நின்று கை தட்டினார்.

"நவீன கிட்டார்ல ஒலியைவிட இடைவெளிதான் முக்கியம். மேல்நாட்டுல இப்ப இதுதான். இந்தத் தம்பி எவ்வளவு தைரியமா அந்த மௌனத்தை நீட்டினார் பாத்தீங்களா?"

"கரண்ட் போச்சுங்க..." என்று சவரிராஜ் வாயெடுத்தான். கலை வளர்ச்சி அலுவலர் செல்லதுரை அவன் காலை மிதித்தார்.

"நிரந்தரமாவணுமா, வேணாமா? வாய மூடு."

கூட்டத்திலிருந்து ஒரே ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். அவர் சவரிராஜின் அப்பா அமிர்தசாமி, எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். "கரண்டு போனதுக்கு எதுக்குய்யா கை தட்றீங்க?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பட்டிக்காடு என்று பார்த்தார்கள்.

ஒரு சுரத்தை நிறுத்தினால்தான் அடுத்த சுரம் கேட்கும் என்பது சர்ச்சில் வாசித்து வளர்ந்த சவரிராஜுக்கும் தெரியும். அந்தச் சின்ன உண்மை ஆபீசுக்குள் போய்ச் சுற்றறிக்கையாக வெளியே வந்தது. 'இசை நிகழ்ச்சிகள் அனைத்திலும் பாதிக்குக் குறையாத பகுதி மௌனமாக அமைதல் வேண்டும். மௌனத்தின் தரம் அவ்வப்போது ஆய்வு செய்யப்படும்.'

பெரம்பலூரில் அடுத்த நிகழ்ச்சி. சவரிராஜ் முழுப் பாட்டையும் ஆசை தீர வாசித்தான். செல்லதுரைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னய்யா, வாசிச்சுக்கிட்டே இருக்க? அன்னைக்கு இருந்த ஆழத்தைக் காணுமே."

"இன்னைக்குக் கரண்ட் இருந்துச்சுங்க சார்."

"இருந்தா? வாசிச்சுடுறதா?"

அதன் பிறகு அவன் ஒயரைச் செருகுவதையே விட்டுவிட்டான். புகழ் பரவியது. இளவட்டங்கள் தந்தி இல்லாத கிட்டாரை மாட்டிக்கொண்டு டவுனில் திரிந்தார்கள். ஒரு கேசட் கடைக்காரர் எதுவும் பதியாத கேசட்டை நவீன கிட்டார் இசை என்று விற்றார். ஒண்ணுமே கேக்கலையே என்று கேட்டவர்களிடம், "ரெண்டாவது பக்கத்தப் போட்டுப் பாருங்க, இன்னும் ஆழமா இருக்கும்" என்றார். அவர்களும் போட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்கள்.

எது நின்றுபோனாலும் அது மௌனக் கலை என்று ஆகிவிட்டதால், மின்தடைப் புகார்கள் எல்லாம் முறைப்படி கலை வளர்ச்சி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டன. குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் செல்லதுரை தலைமை தாங்கினார். அன்று காலைதான் கைக்கு வந்த நிரந்தர ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சவரிராஜ் கிட்டாரோடு மேடையில் இருந்தான். முன்வரிசையில் விண்ணரசியின் அப்பா.

அமிர்தசாமி எழுந்தார். "ரெண்டு மாசமா மோட்டார் ஓடலைங்க. கரும்பு காயுது. கரண்டு எப்பங்க வரும்?"

செல்லதுரை கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தார். வெகுநேரம் இருந்தார். பின்னாலிருந்து யாரோ "ஆகா" என்றார். ஒருவர் கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருடைய கரும்பும் காய்ந்துகொண்டிருந்தது.

அமிர்தசாமி மகனைப் பார்த்தார். "நீ சொல்லுடா சவரி. அன்னைக்கு என்னடா ஆச்சு?"

சொல்லிவிடலாம் என்றுதான் சவரிராஜ் நினைத்தான். சட்டைப்பையில் ஆணை மொடமொடத்தது. கை தானாகப் போய்த் தந்திகளை அமுக்கிக்கொண்டது. அவமானமாக இருந்தது.

"பிரமாதம்" என்றார் செல்லதுரை.

கூட்டம் முழுக்க அமிர்தசாமியைத் திரும்பிப் பார்த்தது. சம்பந்தியாகப் போகிறவரும் பார்த்தார். அமிர்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவரும் கை தட்டினார்.

அந்த வருஷம் அவர் கரும்பு ஆலைக்குப் போகவில்லை. கல்யாணம் மட்டும் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை கடைசிவரை கிட்டாரைத் தொடவே இல்லை என்று வந்தவர்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டு போனார்கள்.