திருப்பியார் தனக்கே திருப்பி அனுப்பிய குறிப்பு

அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த நிகழ்ச்சியும் நாட்காட்டியில் ஏறினால்தான் நடந்ததாகப் பொருள். ஏறாதது நடந்தாலும் நடக்காததே. ஒருமுறை வேதியியல் துறையில் ஏதோ வெடித்துக் கூரை பறந்தபோது, "அப்படியொரு நிகழ்ச்சி எங்கள் பதிவில் இல்லை" என்று நாட்காட்டிப் பிரிவு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டது. நடக்காத வெடிப்புக்குக் கூரை எதற்கு? பதினோரு மாதம் மாணவர்கள் குடை பிடித்துக்கொண்டு படித்தார்கள்.

அந்தப் பிரிவின் எழுத்தர் பதிமூன்று வருடமாக ஒரே வேலையைத்தான் பார்த்துவந்தார். வந்த குறிப்பைத் திருப்பி அனுப்புவது. தலைப்பு ஏழு சொல்லைத் தாண்டினால் "நீளம்" என்று திருப்புவார். ஏழுக்குக் குறைந்தால் "ஆர்வமூட்டவில்லை" என்று திருப்புவார். பயன் சொல்லவில்லை, படத்தில் யாரும் சிரிக்கவில்லை, பதினான்கு வேலை நாளுக்கு முன்னால் வரவில்லை என்று காரணம் ஒன்றா, இரண்டா? பேராசிரியர்கள் அவருக்குத் திருப்பியார் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் 'ஆர்' இருந்ததால் அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை பதிவாளர் அவரைக் கூப்பிட்டார்.

"நம்ம நாட்காட்டியை யாருமே படிக்கிறதில்லையாம். அதனால 'பயனுள்ள நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவது எப்படி'ன்னு ஒரு பட்டறை நடத்துங்க. இப்ப எங்க பார்த்தாலும் பட்டறைதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மூணு மணி, பெரிய அரங்கம். ஐம்பது பேராவது வரணும்."

"வரலைன்னா சார்?"

"உங்க பிரிவைத் தோட்டப் பிரிவோட சேர்த்துடுவோம்."

"அங்க எனக்கு என்ன வேலை சார்?"

"தண்ணிக் குழாய்."

திருப்பியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இடத்துக்கு வந்தார். விண்ணப்பதாரர் என்ற முறையில் குறிப்பை எழுதி அனுப்பினார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிப்போய், சரிபார்ப்பவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறந்தார். ஒன்பது வேலை நாள்தான் இருந்தது. சொந்தக் குறிப்புதான். ஆனால் விதி விதிதானே? திருப்பி அனுப்பினார்.

மறுபடி சுற்றிவந்து உட்கார்ந்தபோது கடிதம் தயாராகக் காத்திருந்தது. 'தங்கள் குறிப்பு ஏற்புடையதன்று.' பதிமூன்று வருடத்தில் முதல்தடவையாக அந்தக் கடிதத்தை வாங்கும் பக்கத்திலிருந்து படித்தார்.

"என்ன திமிர்!" என்றார்.

நாளுக்குச் சிறப்பு அனுமதி கேட்டு எழுதினார், தலைப்பில் விழுந்தது. தலைப்பைத் திருத்தினார்; பயனில் விழுந்தது. பயனைச் சேர்த்தார்; படத்தில் ஆள் சிரிக்கவில்லை. அந்த வாரத்துக்குள் ஏழு தடவை திரும்பி வந்தது. மேசையைச் சுற்றிச் சுற்றிக் காலே வீங்கிவிட்டது.

அவர் மனைவிக்குப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமை கணவருடைய காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"யாருங்க திருப்பி அனுப்பறது?"

"நாட்காட்டிப் பிரிவு."

"அது நீங்கதானே?"

"நான்தான். ஆனா அந்த ஆளு ரொம்ப மோசம்."

"கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாருங்களேன்."

"கெஞ்சியே பார்த்துட்டேன். விதியைக் காட்டுறான்."

அவள் துணியைப் பிழிந்தாள். "எந்த வண்டி, எங்க போகுது, எத்தனை மணிக்கு, எங்க நிக்குது. அவ்வளவுதான் நான் சொல்வேன். அதுக்கு மேல வாயைத் திறந்தா ஜனங்க வண்டியை விட்டுடுவாங்க. நீங்களும் அப்படியே எழுதிடுங்க."

"அதுல உணர்ச்சி எங்கே இருக்கு?"

"ஏறி உட்கார்ந்த பிறகு உணர்ச்சிவசப்படட்டும்."

படிக்காத பேச்சு என்று அவர் அதைத் தள்ளிவிட்டு, செவ்வாய்க்கிழமை சரிபார்ப்பவர்மீது புகார் கொடுத்தார். புகார் விளக்கம் கேட்டு அவருக்கே வந்தது. 'அடிப்படை ஆதாரமற்ற, உள்நோக்கம் கொண்ட புகார்' என்று சூடாகப் பதில் எழுதினார். இரண்டையும் படித்த பதிவாளர், பிரிவுக்குள் இவ்வளவு பகை ஆகாது என்று புதன்கிழமை விசாரணை வைத்தார். எதிரே இரண்டு நாற்காலி. ஓரத்தில் தட்டச்சர்.

திருப்பியார் இடது நாற்காலியில் உட்கார்ந்தார். "இவர் வேணும்னே இழுத்தடிக்கிறார் சார்."

எழுந்து வலது நாற்காலிக்குப் போனார். "அபாண்டம் சார்! இவர் விதியைப் படிக்கவே இல்லை."

"அந்த விதியை எழுதினதே நான்தாண்டா!" என்று பாய்ந்துவந்து இடது நாற்காலியில் விழுந்தார்.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக் கூடாது" என்று பதிவாளர் கண்டித்தார். "மரியாதையும் முக்கியம்."

திருப்பியார் வலது நாற்காலிக்குத் திரும்பினார். "பதிமூணு வருஷம் உழைச்சதுக்கு வாடா போடான்னு பேச்சு வாங்கிட்டேன். இந்த மனுஷன் இருக்கிற அறையில நான் இருக்க மாட்டேன் சார்." வெளிநடப்புச் செய்தார்.

பதிவாளர் இரண்டு நாற்காலியையும் பார்த்தார். "சரி, விண்ணப்பதாரர் ஏன் போனார்?"

"ஒண்ணா வந்தவங்க சார்" என்றார் தட்டச்சர்.

இரு தரப்பு நியாயத்தையும் சீர்தூக்கி அன்றைக்கே தீர்ப்பு வந்தது. வியாழக்கிழமை குறிப்பு நாட்காட்டியில் ஏறியது. 'நிகழ்ச்சியின் ஆன்மாவைக் கண்டடைந்து, மலர்ந்து, பிறரையும் மலர்விக்க வாருங்கள்!' கீழே பன்னிரண்டு பயன்கள். அதற்கும் கீழே யாரென்று தெரியாத ஒரு பெண் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். தேதி விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போகாததால், 'நாள், நேரம், இடம்: பரிசீலனையில்' என்று போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. நானூறு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி, திருப்பியார். மூன்றேகால் வரைக்கும் அதே கணக்குதான். உள்ளங்கையில் தண்ணீர்க் குழாயின் ஈரம் தட்டியது. மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"ஒரு ஈ காக்கா கூட வரலைம்மா."

"எத்தனை பேர் வேணும்?"

"ஐம்பது."

"வடக்கே போற வண்டிங்க எல்லாம் ரெண்டு மணி நேரம் லேட்டு. வெச்சிடுங்க."

தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. "பயணிகள் கவனிக்கவும். எதிரே பல்கலைக்கழகப் பெரிய அரங்கம். இப்போது. நாற்காலி உண்டு. மின்விசிறி உண்டு."

ஐந்தே நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். திருப்பியார் மனம் குளிர்ந்து பேசினார். பாதிப் பேர் தூங்கினார்கள், நிம்மதியாக. கேள்வி நேரத்தில் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினார்.

"இது எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"பரிசீலனையில் இருக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தப் பதில் அவர்களுக்குப் புதிதல்ல.

எட்டிப் பார்த்த பதிவாளர் தலைகளை எண்ணி அசந்துபோனார். நாள், நேரம், இடம் எதுவும் சொல்லாமலே இருநூற்றுப் பன்னிரண்டு பேரை இழுத்த குறிப்பு! அடுத்த வாரம் ஒரே உறையில் இரண்டு ஆணைகள் வந்தன. விண்ணப்பதாரருக்கு அதிகாரியாகப் பதவி உயர்வு. தாமதப்படுத்திய சரிபார்ப்பவருக்குக் கடும் கண்டனம். மனைவி ஒரே தேநீரைக் கொடுத்து வாழ்த்தும் ஆறுதலும் சொன்னாள். குறிப்பைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள், 'ஏழு முறை திருப்பி அனுப்பப்பட்டு மெருகேறியது' என்ற வரியோடு.

ஆனால் திருப்பியார் மாறிவிட்டிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்த வலி நெஞ்சில் இருந்தது. இனி ஒருவரையும் அலைக்கழிப்பதில்லை என்று முடிவெடுத்து, வந்த குறிப்பையெல்லாம் வந்த அன்றே ஏற்றினார்.

பத்தாம் நாள் காலை, வாசலில் பேராசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். முதலில் நின்றவர் கணிதத் துறைப் பேராசிரியை. கண் கலங்கியிருந்தது.

"என் குறிப்பை ஒரே நாள்ல ஏத்துக்கிட்டீங்களாமே?"

"ஆமா மேடம். எந்தக் குறையும் இல்லையே."

"பக்கத்து அறைக்காரருக்கு அஞ்சு தடவை திரும்பி வந்துச்சாம். கதவுலயே எழுதி மாட்டியிருக்கார்."

"அவருதும் ஒரே தடவைதான் மேடம்."

"இருக்கவே முடியாது. நீங்க அவரைத்தான் மதிக்கிறீங்க. என்னை ஒரு தடவைகூடத் திருப்பாத அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

வரிசையில் பின்னால் நின்ற எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். திருப்பியார் அவருடைய குறிப்பை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். பழுதே இல்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"'மூணு மணி'ன்னு எழுதியிருக்கீங்க. எந்த மூணு?"

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிங்க. இன்னும் கொஞ்சம் கடுமையாவே எழுதுங்க."

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.